செடி செய்த சிமிழ்

1896-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்ற மூன்று வேதியியலாளர்கள் சரஸை ஆராய்ந்தார்கள். கஞ்சாச் செடியின் பூங்கொத்துகளில் ஊறும் பிசினைத் தனியாகத் திரட்டி எடுத்தால் அதுவே சரஸ். குறைந்த அழுத்தத்தில் அதைக் காய்ச்சி வடித்தபோது சிவந்த, கெட்டியான எண்ணெய் ஒன்று கிடைத்தது. அதற்குக் கன்னாபினால் என்று பெயர் வைத்தார்கள். செடியின் மயக்கும் ஆற்றலுக்குக் காரணமான பொருள் கையில் சிக்கிவிட்டது என்று நம்பினார்கள்.

கன்னாபினாலின் கட்டமைப்பு முழுமையாகத் தெரியவர 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸும் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டாடும் தனித்தனியே வேலை செய்து அதை உறுதிப்படுத்தினார்கள். அப்போதும் உண்மையான மயக்கப் பொருள் பிடிபடவில்லை. 1964-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யெகியேல் கவோனியும் ரஃபேல் மெக்குலமும், காவல்துறை கைப்பற்றி வைத்திருந்த லெபனான் ஹஷீஷிலிருந்து, அதாவது சரஸையொத்த பிசினிலிருந்து, டெட்ராஹைட்ரோகன்னாபினாலைத் தூய்மையாகப் பிரித்தார்கள். இன்று எல்லோரும் டி.எச்.சி. என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான். பசுமையான செடியில் கன்னாபினால் ஏறக்குறைய இருப்பதே இல்லை. டி.எச்.சி. காற்றுப்பட்டு நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழந்தால் கன்னாபினால் உருவாகிறது. ஆக, கன்னாபினாய்டுகள் எனப்படும் இந்தக் குடும்பத்தில் வேதியியல் முதன்முதலாகப் பிரித்துப் பெயரிட்ட பொருள், பிசின் பழசாகிவிட்டதற்கான அடையாளம்.

கேம்பிரிட்ஜ்காரர்களிடம் வந்த சரஸ் எப்படிக் கட்டப்பட்டு, எத்தனை மாதம் வெயிலிலும் காற்றிலும் கிடந்திருக்கும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரலாறு வேறு வழியில் போயிருக்கலாம். ஒரு பொருளை எப்படி வைத்திருந்தோம் என்பதும் அதன் வேதியியலில் சேர்ந்ததுதான். வீட்டு அலமாரியில் ஒரு சின்னக் குடுவையை எங்கே வைப்பது என்ற எளிய கேள்விக்கும் இந்த வரலாற்றுக்கும் அதனால்தான் உறவு இருக்கிறது.

நான் பேசும் அலமாரிகள் கொலராடோ, கலிஃபோர்னியா, கனடா போன்ற இடங்களில் இருக்கின்றன. கொலராடோ மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து, வயது வந்தவர்கள் கஞ்சா வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று அங்கே கடைகள் திறந்தன. கனடா 2018 அக்டோபர் 17-இல் நாடு முழுமைக்கும் அனுமதித்தது. கான்சன்ட்ரேட் எனப்படும் பிசின் செறிவுகளுக்கான விதிகள் அதற்கு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி சரஸை எந்த வடிவில் வைத்திருந்தாலும் குற்றம். இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தண்டனை கடுமையானது. டொராண்டோவில் சட்டப்படி வாங்கிய டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறுகிறவர், புறப்படும் நாட்டிலும் இறங்கும் நாட்டிலும் சட்டத்தை மீறுகிறார். கனடாவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவரும் காலம் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி செடிக்குப் போவோம். பெண் செடியின் பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தால் குண்டூசிக் காடு ஒன்று தெரியும். ஒவ்வொரு ஊசியும் ஒரு சுரப்பி மயிர். மெல்லிய காம்பு, அதன்மேல் உருண்டைத் தலை. தலையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தலையின் அடியில் வட்டமாக அமைந்த சுரப்பிச் செல்கள் பிசினைச் சுரந்து மேலே தள்ளுகின்றன. அந்தச் செல்களுக்கும் மேலே போர்த்திய மெழுகுத் தோலுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் பிசின் தேங்கி நிற்கிறது.

பிசினை உயிருள்ள செல்லுக்குள் வைக்காமல் வெளியே ஒரு பைக்குள் செடி ஏன் சேமிக்கிறது? 2000-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டார்கள். டி.எச்.சி. அமிலத்தை உருவாக்கும் நொதி, ஒவ்வொரு மூலக்கூறு செய்யும்போதும் ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறையும் வெளியிடுகிறது. பெராக்சைடும் செல்லைக் கொல்லும், டி.எச்.சி. அமிலமும் செல்லைக் கொல்லும். ஆகவே கடைசிக் கட்ட உற்பத்தியே வெளியே, அந்தப் பைக்குள்தான் நடக்கிறது. தன்னையே அழிக்கக்கூடிய ஒரு சரக்கைச் செய்து, தனக்குத் தீங்கு வராமலும் சரக்கு கெடாமலும் பொதிந்து வைக்க ஒரு செடி கண்ட வழி இது. எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு.

அந்தப் பொதி எவ்வளவு நல்ல பொதி என்பதை அளந்து காட்டியவர்கள் லண்டன் பல்கலைக்கழக மருந்தியல் பள்ளியைச் சேர்ந்த ஃபேர்பேர்னும் அவருடைய தோழர்களும். 1976-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு இன்றும் இத்துறையின் அடித்தளம். உலர்ந்த கஞ்சாவையும் பிசினையும் தூய கரைசல்களையும் வெவ்வேறு நிலைகளில் இரண்டாண்டு வரை வைத்துப் பார்த்தார்கள். மிகப் பெரிய எதிரி ஒளி என்று தெரிந்தது. நேர் வெயில்கூட வேண்டாம், அறை வெளிச்சமே போதும். அடுத்தது காற்று. இருபது டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை வேறுபாடு கன்னாபினாய்டுகளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. சுரப்பித் தலைகள் உடையாமல் பார்த்துக்கொண்டால் காற்றால் வரும் இழப்பு குறைந்தது. ஏனென்றால் ஒவ்வொரு தலையும் நிரப்பி மூடிய ஒரு சிமிழாகவே வேலை செய்கிறது. இருட்டில், அறை வெப்பநிலையில், கவனமாகத் தயாரித்த சரக்கு ஓரிரு ஆண்டுகள் ஓரளவு நிலைத்து நின்றது.

கடையில் கான்சன்ட்ரேட் என்ற பெயரில் விற்கும் எதுவும் அந்தச் சிமிழைத் திறந்தோ பூவிலிருந்து பிரித்தோ எடுத்ததுதான். இதில் வகைகள் பல, அவற்றின் விதியும் வெவ்வேறு. ஐஸ் தண்ணீரில் பூவைக் கலக்கி, நுண்சல்லடைகளில் வடித்து எடுக்கும் ஹாஷில் பெரும்பாலான தலைகள் உடையாமல் முழுசாக இருக்கும். அதைச் சூடான தகடுகளுக்கு இடையே அழுத்தினால் ராசின். அங்கே சிமிழ்கள் உடைந்து சாறு மட்டும் வருகிறது. பியூட்டேன் போன்ற கரைப்பானால் கரைத்து எடுத்தால், பக்குவத்தைப் பொறுத்துக் கண்ணாடித் தகடு போன்ற ஷேட்டர், மெழுகு போன்ற வேக்ஸ், அறுத்தவுடன் உறையவைத்த செடியிலிருந்து வரும் லைவ் ரெசின் என்று பல உருவங்கள். ஆவியாக்கி வடித்தால் டிஸ்டிலேட். அதில் மணம் முழுக்கப் போய் டி.எச்.சி. மட்டும் மிஞ்சும். இன்று கடையில் கிடைக்கும் பூவில் டி.எச்.சி. பெரும்பாலும் 15 முதல் 25 சதவீதம். செறிவுகளில் 60-இல் தொடங்கி 90-ஐத் தொடும். பியூட்டேன் கொண்டு வீட்டில் தயாரிக்கப் போய் வீடே வெடித்த விபத்துகள் அமெரிக்காவில் பல நடந்திருக்கின்றன. தயாரிப்பு இந்த அத்தியாயத்தின் வேலை இல்லை.

வைத்திருக்கும்போது பிசினுக்கு நேர்வது ஒரே ஒரு மாற்றம் என்று நினைத்தால் எந்த அறிவுரையும் புரியாது. மூன்று மாற்றங்கள் ஒரே சமயத்தில், மூன்று வேகத்தில் நடக்கின்றன.

முதலில் போவது மணம். மிர்சீன், லிமோனீன், பைனீன் போன்ற பத்துக் கார்பன் டெர்பீன்கள் சிறிய, ஓடும் மூலக்கூறுகள். எலுமிச்சைத் தோலிலும் ஊசியிலை மரத்திலும் மணப்பவை இவையே. பதினைந்து கார்பன் கொண்ட கேரியோஃபிலீன் போன்றவை கனமானவை, மெதுவாகவே கிளம்பும். மிளகிலும் கிராம்பிலும் அதுதான் இருக்கிறது. பழைய பிசினில் எலுமிச்சை மணம் மங்கி, மிளகும் மரமும் கலந்த வாசனை தூக்கலாகத் தெரிவதற்கு இந்த எடை வேறுபாடு பெரிய காரணம். இவற்றைவிட நொய்ந்த மணமும் உண்டு. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கஞ்சாவின் தூக்கலான ஸ்கங்க் நாற்றத்துக்குக் காரணம் கந்தகம் கொண்ட பிரீனைல் தயோல் வகைச் சேர்மங்கள் என்று காட்டியது. வெளிச்சம் பட்ட பீரில் எழும் கெட்ட வாடைக்கும் இவற்றில் ஒன்றே காரணம். பூவைப் பதப்படுத்தும்போது உச்சத்தைத் தொட்ட இந்தச் சேர்மங்கள், சேமிப்பில் ஒரு வாரத்துக்குள்ளேயே கணிசமாகக் குறைந்துவிட்டன.

டெர்பீன்கள் பறந்துபோவது மட்டுமில்லை, இருந்த இடத்திலேயே மாறவும் செய்கின்றன. லிமோனீன் காற்றுப்பட்டு முதலில் ஹைட்ரோபெராக்சைடாகிறது, பிறகு கார்வோன் முதலான பொருள்களாக மாறுகிறது. அந்த ஹைட்ரோபெராக்சைடுகள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது அழகுசாதன ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த செய்தி. கேரியோஃபிலீன் கேரியோஃபிலீன் ஆக்சைடாகிறது.

இரண்டாவது மாற்றம் அமிலம் கழிவது. செடி உருவாக்குவது டி.எச்.சி.யை அன்று, டி.எச்.சி. அமிலத்தை. அமில வடிவத்துக்குப் போதை தரும் ஆற்றல் இல்லை. சூடுபட்டால் அது ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைக் கழற்றிவிட்டு டி.எச்.சி.யாகிறது, எடையில் எட்டில் ஒரு பங்கு வாயுவாகப் போய்விடுகிறது. 110 டிகிரியில் அரை மணி நேரத்தில் முடியும் இந்த வேலை, அறை வெப்பநிலையில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்கிறது. ராசின் போன்ற கரைப்பானில்லாச் சரக்கை வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் நாளடைவில் அதன் அமிலம் குறைந்து டி.எச்.சி. கூடுவதும், மூடிய குடுவைக்குள் சிறிது வாயு அழுத்தம் சேர்வதும் இதனால்தான்.

மூன்றாவது ஆக்சிஜனேற்றம். கேம்பிரிட்ஜ் கதையின் மாற்றம் இதுதான். அமெரிக்க அரசின் ஆராய்ச்சிக்காகக் கஞ்சா பயிரிட்டு வரும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ராஸும் எல்சோலியும் 1990-களில் இதை நான்கு ஆண்டுகள் அளந்தார்கள். அறை வெப்பநிலையில் வைத்த உலர்ந்த கஞ்சாவில் முதல் ஆண்டில் சராசரியாக 16.6 சதவீத டி.எச்.சி. குறைந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்த இழப்பு 26.8 சதவீதம், நான்காம் ஆண்டு முடிவில் 41.4. முதலில் வேகம், பிறகு தளர்வு. கன்னாபினாலுக்கும் டி.எச்.சி.க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து ஒரு மாதிரியின் வயதைச் சொல்லலாம் என்று அவர்கள் காட்டினார்கள். இந்தக் கடிகாரம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குச் சீனாவின் துர்ப்பானுக்கு அருகே யாங்ஹாய் கல்லறையில் கிடைத்த 789 கிராம் கஞ்சா சான்று. ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் வறண்ட மண்ணுக்குள் இருந்தும் பச்சை நிறம் மாறாமல் வெளிவந்தது அது. மணம் இல்லை. எஞ்சிய கன்னாபினாய்டுகளில் கன்னாபினாலே முதன்மையாக இருந்தது.

ஒளியின் வழி வேறு. இருட்டில் காற்றுப்பட்ட டி.எச்.சி. கன்னாபினாலாகிறது என்றால், ஒளிபட்ட டி.எச்.சி. குறைந்த அளவுக்குக் கன்னாபினால் கூடவில்லை என்று ஃபேர்பேர்ன் குழு கண்டது. அது வேறு ஏதேதோ பொருள்களாகச் சிதறுகிறது. ஆகவே கன்னாபினால் குறைவாக இருக்கிறது என்று ஆய்வகத் தாள் சொன்னால் மட்டும் சரக்கு புதியது என்று முடிவு கட்ட முடியாது. மேசைமேல் வெளிச்சத்தில் நின்ற குடுவை அந்தச் சோதனையை ஏமாற்றிவிடும்.

ஆனால் மாற்றம் எல்லாமே இழப்பு என்று சொல்வதற்கில்லை. மொராக்கோ, லெபனான் ஹஷீஷுக்கு ஒரு தனி மணம் உண்டு. 2014-இல் அதன் காரணத்தைத் தேடியவர்கள், பூவில் பெரிதாகத் தென்படாத ஒரு சேர்மத்தை ஹஷீஷில் கண்டார்கள். அதற்கு ஹஷீஷீன் என்று பெயர் வழங்கிவிட்டது. அறுத்த செடிகளை வெயிலில் உலர்த்தும்போது ஒளிபட்டு மிர்சீன் உள்ளுக்குள் மடங்கி மறுசீரமைவதால் உருவாகும் மூலக்கூறு அது. ஒளி கெடுக்கும் என்ற விதியின் நடுவே, அந்த ஹஷீஷின் தனிச்சுவையே ஒளியால் பிறந்திருக்கிறது. மணத்தில் எது கெட்டது, எது முதிர்ந்தது என்று முடிவு செய்வது வேதியியலின் வேலையன்று. அது ஹஷீஷ் செய்கிறவர்களின் மரபும் நாக்கும் சொல்ல வேண்டியது.

ஹஷீஷை உருண்டையாக அழுத்தி வைக்கும் நேபாள வழக்கம் இந்தப் பின்னணியில் அறிவார்ந்ததாகத் தெரிகிறது. 2021-இல் காலமான ஃப்ரெஞ்சி கனோலி என்ற புகழ்பெற்ற ஹஷீஷ் கைவினைஞர் கலிஃபோர்னியாவில் இந்த முறையை விடாமல் கற்பித்தார். இதன் கணக்கு எளிது. பத்து கன சென்டிமீட்டர் பிசினை ஒரு மில்லிமீட்டர் தடிமன் தகடாகப் பரப்பினால் ஏறத்தாழ 204 சதுர சென்டிமீட்டர் பரப்பு காற்றைப் பார்த்து நிற்கும். அதையே உருண்டையாக்கினால் பரப்பு 22 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒன்பது மடங்கு குறைவு. மேல்தோல் கறுத்து இறுகி உள்ளிருப்பதைக் காக்கிறது. சல்லடையில் பிரிந்த ஆயிரக்கணக்கான சிறு சிமிழ்களைச் சேர்த்து ஒரே பெரிய சிமிழாக மனிதக் கை மறுபடி கட்டிவிடுகிறது.

கண்ணாடிக் குடுவையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இதை யாரும் விளக்கிச் சொல்லாமல் ‘சிறிய குடுவை நல்லது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு கிராம் பிசினில் 70 சதவீதம் டி.எச்.சி. என்று வைத்துக்கொள்வோம். அது 2.2 மில்லிமோல். ஒரு டி.எச்.சி. மூலக்கூறு கன்னாபினாலாக மாற ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். நான்கு ஹைட்ரஜன்கள் இரண்டு நீர் மூலக்கூறுகளாகும். 5 மில்லிலிட்டர் குடுவையில் பிசின் போக 4 மில்லிலிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 0.84 மில்லிலிட்டர். அது ஏறத்தாழ 0.034 மில்லிமோல். ஆகவே மூடி இறுக்கமாக இருந்தால், உள்ளே அடைபட்ட ஆக்சிஜன் முழுதும் செலவானாலும் டி.எச்.சி.யில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதத்துக்கு மேல் கெடுக்க முடியாது. அதே ஒரு கிராமை 100 மில்லிலிட்டர் குடுவையில் போட்டால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கெடுக்கப் போதுமானது. இவை உச்சவரம்புகள், நடைமுறையில் டெர்பீன்களும் ஆக்சிஜனுக்குப் போட்டியிடும், வேகமும் குறைவு. ஆனாலும் இரு குடுவைகளுக்கும் உள்ள ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு இடைவெளியை வேறு எந்த உபாயமும் ஈடுகட்டாது. அடிக்கடி திறந்து மூடினால் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. பெரிய அளவில் வாங்கியவர், தினம் எடுப்பதற்கு ஒரு சிறு குடுவையும் மீதிக்குத் திறக்காத குடுவைகளும் என்று பிரித்து வைப்பது இதனால்தான் பயன்தருகிறது.

மணத்தின் பக்கம் கணக்கு இன்னும் ஆறுதல் தரும். 4 மில்லிலிட்டர் காற்றில் ஆவியாக நிற்கக்கூடிய லிமோனீன் ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்குகூட இராது. பிசினில் இருக்கும் டெர்பீனோ பத்துக்கணக்கான மில்லிகிராம். திறந்தவுடன் மூக்கைத் தாக்கும் அந்த மணத்தால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. நட்டம் வருவது இரவும் பகலும் கசியும் மூடியிலும், மணத்தை உறிஞ்சும் கலத்திலும்.

கலம் என்றதும் சிலிக்கோன் டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டாது, உடையாது, மலிவு. அதனால் செறிவுகளோடு அவை எங்கும் பரவிவிட்டன. ஆனால் வாயுக்களைத் தன்னூடே விடுவதில் சிலிக்கோன் ரப்பர் நாம் அறிந்த பாலிமர்களிலேயே முன்வரிசையில் நிற்கிறது. சாதாரண பாலித்தீனைவிட ஆக்சிஜனை நூறு மடங்குக்கும் மேல் எளிதாகக் கடத்துகிறது. டெர்பீன்கள் அதில் கரையவும் செய்கின்றன. நம் அடுக்களையில் பெருங்காயம் தீர்ந்து, கழுவி, வேறு எதைப் போட்டு வைத்தாலும் டப்பா பெருங்காயமாகவே மணப்பது போல, அந்தச் சிலிக்கோன் டப்பா சரக்கின் மணத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. டப்பா மணத்தால் கமகமத்தால், அவ்வளவும் உள்ளிருந்த பிசினிலிருந்து போனது. பையில் ஒரு நாள் எடுத்துச் செல்ல அது போதும், மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. பாலிஸ்டைரீன் இன்னும் மோசம். லிமோனீன் பாலிஸ்டைரீனைக் கரைத்தே விடும். தெர்மாகோலைக் கரைத்து மறுசுழற்சி செய்ய லிமோனீனைப் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையிலும் பார்ச்மென்ட் தாளிலும் சுற்றி வைப்பது ஷேட்டருக்குச் சில நாள் சரிவரும். கசியும் லைவ் ரெசினுக்கு ஆகாது. கண்ணாடியே சிறந்தது. மூடியின் உட்பக்கம் டெஃப்லான் பூச்சு இருந்தால் ரப்பர் வளையம் மணத்தைக் குடிப்பதும் நிற்கும். நிறக் கண்ணாடியா வெள்ளைக் கண்ணாடியா என்று தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. மூடிய இழுப்பறைக்குள் இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து குளிர். இருபது டிகிரி வரை வெப்பநிலை பெரிதில்லை என்று ஃபேர்பேர்ன் சொன்னது கன்னாபினாய்டுகளைப் பற்றி. மணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே டிஸ்டிலேட்டுக்கு இருட்டான குளிர்ந்த அலமாரியே போதும். லைவ் ரெசினையும் ராசினையும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பல மாதம் தொடாமல் வைக்க உறைபெட்டி. பத்து டிகிரி குறைந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்ற தோராய விதியைப் போட்டால், முப்பது டிகிரி அறைக்கும் மைனஸ் பதினெட்டு டிகிரி உறைபெட்டிக்கும் இடையே இருபது மடங்குக்கும் மேல் வேறுபாடு வரும்.

குளிரின் ஆபத்து தண்ணீர். உறைபெட்டியிலிருந்து எடுத்த குடுவையைச் சில்லென்றிருக்கும்போதே திறந்தால் அறையின் ஈரப்பதம் பிசின்மேல் பனித்துளியாகப் படியும். ஐஸ் தண்ணீரில் எடுத்த ஹாஷில் ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். அதைத் தயாரிப்பவர்கள் உறைஉலர்த்தி வைத்து உலர்த்துவதே அதற்குப் பயந்துதான். குடுவை முழுதாக அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடாமல் இருப்பதே இதற்கு மருந்து. சிறு குடுவைக்கு அரை மணி நேரம் போதும், பெரியதற்குக் கூடுதலாகும். பூவை உறையவைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: குளிரில் சுரப்பித் தலைகள் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அப்போது பையை உலுக்கினால் சிமிழ்கள் உதிர்ந்து அடியில் தூளாகச் சேரும்.

வைத்திருந்த ஷேட்டர் தெளிவிழந்து சர்க்கரை போல் மணல்மணலாகிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் கெட்டுப்போனதில்லை. ஷேட்டர் ஒழுங்கில்லாமல் உறைந்த திடப்பொருள். டி.எச்.சி. அமிலத்துக்குப் படிகமாகும் இயல்பு உண்டு. சிறிது சூடு, சிறிது ஈரம், சிறிது அசைவு கிடைத்தால் மூலக்கூறுகள் வரிசையில் அமர்ந்து, டெர்பீன்களை வெளியே தள்ளிவிட்டுப் படிகமாகின்றன. கடைகளில் டயமண்ட் என்று விற்பது, அதே நிகழ்வை வேண்டுமென்றே பொறுமையாக வளர்த்து எடுத்தது. படிகங்களைச் சுற்றி டெர்பீன் சாறு வெளியே நிற்பதால் அப்போது மூடியின் இறுக்கம் முன்பைவிட முக்கியமாகிறது. கெட்டதைக் காட்டும் அறிகுறிகள் வேறு: நிறம் பொன்னிலிருந்து பழுப்புக்கு ஆழ்வது, மணம் தட்டையாவது, பழைய எண்ணெயின் காரல். ஹாஷில் வெள்ளை நூலிழை தெரிந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டும். சி.பி.டி. என்ற இன்னொரு கன்னாபினாய்டு அதிகமுள்ள சரக்கு இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறினால், சி.பி.டி. குவினோன்களாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. சூடானில் பீம் என்ற வேதியியலாளர் 1911-இல் காரம் சேர்த்து ஊதா நிறம் வரவழைத்துக் கஞ்சாவை அடையாளம் கண்ட சோதனையும் இதே வினையைப் பயன்படுத்தியது.

வேப் குழாய்களில் அடைத்த எண்ணெயைக் கோடையில் நிறுத்திய காருக்குள் விடக்கூடாது. சூட்டில் எண்ணெய் இளகிக் கசியும், ஆக்சிஜனேற்றமும் விரைவாகும். சட்டத்துக்கு வெளியே விற்ற குழாய்களில் எண்ணெயைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டே முதன்மைக் காரணம் என்று கருதப்படும் நுரையீரல் நோய் 2019-இல் அமெரிக்காவில் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். எப்படிப் பாதுகாத்தாலும் அத்தகைய சரக்கு பாதுகாப்பாகாது. நல்ல சரக்கும் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு செறிந்த டி.எச்.சி.யைத் தொடர்ந்து எடுப்பது மனச்சிதைவு அபாயத்தைக் கூட்டும் என்ற கவலை, இளையவர்களிடம் குறிப்பாக, மருத்துவர்களிடம் வலுவாக இருக்கிறது.

குடுவைமேல் ஒட்ட வேண்டியவை மூன்று: உள்ளே என்ன, எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் அடைத்தது. கனடா விதிப்படி கடைக் கட்டுகள் குழந்தைகள் திறக்க முடியாத மூடியோடுதான் வரும். சிறு குடுவைகளுக்குப் பிரித்து மாற்றும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் தேன் நிறத்தில் ஒரு கண்ணாடிச் சிமிழ் ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் மூன்று வயதுக் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. ஒரு கிராம் செறிவில் 700 மில்லிகிராம் டி.எச்.சி. இருக்கலாம், கனடா ஓர் உணவுக் கட்டில் அனுமதிப்பது 10 மில்லிகிராம். ஆகவே பிரித்த குடுவைகள் எல்லாம் பூட்டுள்ள ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும், அந்தப் பெட்டி குளிர்பதனப் பெட்டிக்குள் இருந்தாலும் சரி. குழந்தை தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறி வரும்வரை காத்திராமல் நச்சு உதவி மையத்தை அழைத்து, தேதியும் சதவீதமும் எழுதிய அந்தக் குடுவையையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று மருத்துவர் கணக்கிட அந்த இரண்டு எண்களும் வேண்டும்.